வெள்ளை போன முகம்

பூஞ்சணம் என்றால் பாலச்சந்திரனுக்கு ஆகாது. பாரிஸின் லா சப்பலில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன் வேறெதற்குப் பயப்படுவான்? களஞ்சிய அறையில் எமில் வைத்திருந்த துவாய்ப் பொதி அவிழ்ந்து, உள்ளங்கையளவு மர முகமூடி ஒன்று வெள்ளை பூத்துக் கிடந்தது. பாலச்சந்திரன் யோசிக்காமல் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினான். காய்ந்ததும் நல்லெண்ணெய் பூசினான். நார்த் தாடியைச் சீப்பால் வாரியும் விட்டான்.

எமில் கொங்கோக்காரன், லேகா இனத்தவன். ஒன்பது வருடமாக அந்தக் கடையில் மூட்டை இறக்குகிறான். யாழ்ப்பாணத் தமிழில் பகிடியும் விடுவான். 2016 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, பிரசல்ஸ் ரயிலுக்கு முன் பொதியை எடுக்க வந்தவன், முகமூடியின் நெற்றியை விரலால் தடவிப் பார்த்தான்.

"பூஞ்சணம் பிடிச்சிருந்ததடாப்பா."

"அது வெள்ளைக் களிமண் அண்ணை. பூசினது."

காசுப்பெட்டியடியில் இருந்த மனைவி மிருணாளினி தலையில் கை வைத்தாள். "தாடியும் சீவியாச்சு. இனிப் பவுடரும் போட்டுவிடுங்கோவன்!"

அது எமிலின் செத்துப்போன மாமாவுடையது. 'ப்வாமி' என்ற சங்கத்தில் படிப்படியாகத் தீட்சை பெற்று அவர் எட்டிய படியின் அடையாளம். அந்தப் படிக்குக் குடும்பத்தில் அடுத்தவர் வரும்வரை எமில்தான் காவல். நாளைக்குப் பிரசல்ஸில் சங்கத்துப் பெரியவர்கள் அதைப் பார்ப்பார்கள். பழுதென்று கண்டால் காவல் வேறொருவனிடம் போகும்.

பாலச்சந்திரன் மேலங்கியை எடுத்தான். மன்னிப்புக் கேட்டுப் பழகாத ஆள். "நானும் வாறன். நான்தான் செய்தனான் எண்டு சொல்லுறன்."

எமில் முகமூடியை வெளிச்சத்தில் திருப்பினான். வெடிப்பில்லை. நெற்றி மினுங்கியது. மோந்து பார்த்தான்.

"மாமாவும் எண்ணெய் தேய்க்கிறவர். வெள்ளையைப் பெரியவர்கள் திரும்பப் பூசலாம். சவர்க்காரம்தான் ஒருத்தரும் போட்டதில்லை."

"ஏசுவினமோ?"

"பின்னை? நீங்கள் கடையைப் பாருங்கோ."

பாலச்சந்திரனுக்கு மூச்சு வந்தது. "எனக்கு இது மூக்குக்கும் காணாது. சின்னப் பிள்ளையள் போடுறதோ?"

"முகத்திலை போடுறேல்லை அண்ணை. கையிலை பிடிப்பம், வேலியிலை தொங்கவிடுவம். தாடியிலை பிடிச்சு இழுக்கிறதும் உண்டு."

"அப்ப சீவினது நல்லது," என்றாள் மிருணாளினி. எமில் சிரித்துவிட்டான்.

பாலச்சந்திரன் நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றை எமிலின் பையில் துவாய்க்குப் பக்கத்தில் செருகினான். அந்த ஞாயிறு முழுக்கக் கடையில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தான்.

திங்கட்கிழமை எமில் வழக்கம்போல் வந்து மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

"என்னடாப்பா சொன்னவை?"

"காவல் எனக்குத்தான். உங்களைத்தான் ஒரு மணித்தியாலம் ஏசினவை." மூட்டையை இறக்கினான். "பிறகு, அந்த எண்ணெய் எந்தக் கடையிலை எண்டு கேட்டவை."