கழுத்தில் கோடு விழாத புத்தகம்

அபூசாலிக்கு வலது தோள் விறைத்துக் கிடந்தது. விடியற்காலையிலிருந்து உப்பு மூட்டை ஏற்றியவனுக்குக் கையை மேலே தூக்க முடியவில்லை. சட்டையைக்கூடப் பெண்சாதி கைருன்னிஸாதான் கழற்றிவிட்டாள். அந்தத் தோளோடுதான் தகரப் பெட்டிக்கு முன்னால் குந்தினான்.

இவ்வளவு காலமும் பெட்டி கரைத்தீவில் உடன்பிறந்த ராத்தா வீட்டில் கிடந்தது. ராத்தா வீட்டை இடித்துக் கட்டுகிறாள், அனுப்பிவிட்டாள். உள்ளே முழுக்கச் சித்திரக்கதைப் புத்தகங்கள். அகதி முகாமில் வளர்ந்த காலத்தில் பழைய பேப்பர் கடையில் கட்டுத் தூக்கி, கூலிக்குப் பதிலாக அவன் பொறுக்கி எடுத்தவை. பள்ளிவாசலடி வாசிகசாலைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தான். அவர்கள் பட்டியல் கேட்டார்கள். கைருன்னிஸா கொப்பியை மடியில் விரித்தாள்.

"பேரச் சொல்லுங்க, எழுதுறன்."

"அட்டை போயிட்டு. குதிரக்காரன் கதை எண்டு போடு."

"அடுத்தது?"

"அதுவும் குதிரக்காரன்தான். வேற குதிரை."

"நீங்க கழுத மாதிரிச் சுமந்ததெல்லாம் குதிரைக்கா?" என்று சிரித்தவள், ஒரு புத்தகத்தைப் பிரித்ததும் வாயைப் பொத்தினாள். "யா அல்லாஹ்! இதென்ன அநியாயம்? ஒருத்தன் மிச்சமில்லாம எல்லார்ட கழுத்தயும் வெட்டியிரிக்கி. குதிரையயும் விடல்ல."

"வாப்பாட வேல."

அந்த முகாமில் அவர்களுக்கு இருந்தது ஒரே ஓலைக் கொட்டில். சமைப்பதும் தொழுவதும் அதற்குள்தான். உருவப்படம் இருக்கிற இடத்துக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று வாப்பா செய்னுலாப்தீன் பயந்தார். மகன் பொறுக்கி வந்ததை எறியவும் அவருக்கு மனம் வரவில்லை. குந்தியிருந்து ஒவ்வொரு படத்துக்கும் கழுத்தில் பேனையால் கோடு இழுத்தார். கோடு விழுந்தால் அது உயிருள்ள உருவம் இல்லை என்பது அவருடைய கணக்கு. மன்னாரில் மீன் காயவைக்கும் வாடி நாலு வைத்திருந்த மனுசன், வேலை ஒன்றும் கிடைக்காத நாட்களில் அந்த வேலையைத்தான் செய்தார்.

அடியில் பொலித்தீன் சுற்றிய ஒரு புத்தகம் இருந்தது. கைருன்னிஸா அவிழ்த்துப் புரட்டினாள். ஒரு கழுத்திலும் கோடு இல்லை. முதல் பக்கத்தில் உருட்டி உருட்டி எழுதிய பெயர்: ம. நிமலன், ஆறாம் வகுப்பு.

"இது தப்பிட்டே?"

"அது எங்கட இல்ல. அமானிதம், உரியவனுக்குத் திருப்பிக் குடுக்க வேண்டியது."

நிமலன் மன்னாரில் பக்கத்து ஒழுங்கையில் இருந்த பொடியன். தொண்ணூறாம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, அபூசாலி கெஞ்சின கெஞ்சலில் பாதி வாசித்த புத்தகத்தைப் பக்கம் மடித்துக் கொடுத்தான். "திங்கக்கிழமை கொண்டா. முடிவைச் சொல்லிப்போடாத." அந்தத் திங்கட்கிழமை வரவில்லை. முஸ்லிம் சனங்கள் எல்லோரும் போய்விட வேண்டும் என்று இயக்கக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கற்பிட்டிக்கு வந்த வள்ளத்தில், இடுப்புச் சாரத்துக்குள் செருகியபடி அந்தப் புத்தகமும் வந்தது. கோடு போட எடுத்த வாப்பா, பெயரைக் கண்டதும் பேனையை மூடினார். பிறத்தியாருடைய பொருளில் கை வைக்கக் கூடாது. ஐந்து வேளையும் தொழுகைக்கு முன்னால் அதை எடுத்து வெளியே ஓலைச் செருகலில் வைப்பார், தொழுதுவிட்டு உள்ளே எடுப்பார். ஒருநாள் தொழுதுகொண்டிருக்கையில் மழை வந்தது. தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுத்த வாய் மூடுமுன்னே புத்தகத்தை எடுக்க ஓடினார்.

"அந்தப் பொடியன் இப்ப எங்க?"

"கடைசிச் சண்டையில காணாமப் போயிட்டான். தாய் இரிக்கிறா. தலவில வேதக்கோயில் திருநாளுக்கு வருசா வருசம் வருவாவாம்."

"வருவா எண்டு தெரிஞ்சும் நீங்க போகல்லையா?"

அவன் பொலித்தீனைத் திரும்பச் சுற்றினான். போனால் அந்த மனுசியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"குடுத்திட்டு வாங்க," என்றாள் கைருன்னிஸா. "வாப்பா மழையில ஓடினது இது பெட்டிக்குள்ள கிடக்கவா?"

ஆவணித் திருநாளுக்கு ஒரு நாள் வேலையை விட்டுத் தலவிலவுக்கு பஸ் ஏறினான். மன்னார்ச் சனங்கள் மரங்களின் கீழே படங்குக் கூடாரம் கட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். விசாரித்து விசாரித்து நிமலனின் தாய் பாக்கியம்மாவைக் கண்டுபிடித்தான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கண்ணைச் சுருக்கினாள்.

"ஆர் தம்பி?"

"வாடிக்கார செய்னுலாப்தீன்ட மகன், அம்மா."

"அபூசாலியோ? எட, புத்தகப் பேயா! தலை நரைச்சுப் போச்சே. இரு ராசா, தேத்தண்ணி குடி."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். பிறகு புத்தகத்தை நீட்டினான். அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினாள். பெயரைத் தடவினாள். மடித்த பக்கத்தில் விரல் நின்றது.

"ரெண்டு மடிப்பு. அவன் இப்பிடித்தான் மடிப்பான்." "இதுக்கு அங்கால அவன் வாசிக்கேல்ல, என்ன?"

"இல்ல, அம்மா."

அவள் பொலித்தீனை முன்பிருந்த மாதிரியே சுற்றி அவன் மடியில் வைத்தாள்.

"நான் வாங்கமாட்டன்."

"அமானிதம் அம்மா. ஆள் இல்லாட்டி வாரிசுட கையில குடுக்கணும், அதான் எங்கட முறை."

"வாரிசு செத்தவனுக்குத்தான், தம்பி." குரல் ஏறவில்லை, இறங்கவுமில்லை. "மரணச் சான்றிதழ் தாறம் எண்டு வந்தவையும் நல்ல சனங்கள்தான். அவையையும் திருப்பித்தான் அனுப்பினனான். இதை நான் வாங்கினா, அதையும் வாங்கின மாதிரித்தான். நீ அவனிட்ட வாங்கினனி. அவன் வந்து கேப்பான், அவனிட்டயே குடு."

அவள் மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். அபூசாலி எழும்பினான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடமில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்து, வலது கையால் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றே வந்தான். கைருன்னிஸா அவன் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். கொப்பியை மட்டும் எடுத்துவந்தாள்.

"வாசிகசாலைக்காரங்க நாளைக்கு வாறாங்க. இத என்னெண்டு எழுதுற?"

"அதில எழுதாத. அது என்ட இல்ல." உள்ளங்கையால் தோளைப் பிசைந்தான். "வேற தாள் எடு. நான் மவுத்தாப் போனா புள்ளைகளுக்குத் தெரியணும். மன்னார் நிமலனுக்கு உங்கட வாப்பா ஒரு சித்திரக்கதைப் புத்தகம் கடன். இன்னும் குடுக்கல்ல எண்டு எழுது."