கண்வலிக் காடு

பரணியின் தலையைப் பிடித்து ஆம்புலன்ஸ் கதவில் மோதினான் பொன்ராஜ். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவதில் கதவின் கைப்பிடி புருவத்தைக் கிழித்தது.

"என்னடா குடுத்தே எம் பொண்டாட்டிக்கு?"

"எங்கக்காளுக்கு நான் எதுக்கு மாமா குடுக்கப்போறேன்?"

"காட்டுல பங்கு கேட்டு அருவாளத் தூக்குனவன்தானே நீ. நேத்து மீன் குழம்பு கொண்டாந்ததும் நீதானே."

"மூணு பேருந்தானே தின்னோம். நீங்க சட்டியவே வழிச்சீங்களே."

அதற்குப் பதிலாக அடிவயிற்றில் உதை விழுந்தது. பரணி திண்டுக்கல் ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தரையில் சுருண்டான். வாட்ச்மேன் இனிகோ பின்னாலிருந்து பொன்ராஜைக் கட்டிப் பிடித்தார். "ஏலே, அடிக்கணும்னா ரோட்டுக்குப் போ. உள்ள கட்டில் காலி இல்ல."

உள்ளே ஒரு கட்டிலில் ஜோதிமணி கிடந்தாள். விடியற்காலையிலிருந்து வாந்தி, பேதி. ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் வழியிலேயே நாடி தேய்ந்துவிட்டது.

டாக்டர் கீர்த்தனா வாசலுக்கு வந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"காட்டுல கண்வலிக்கிழங்கு, அதான் செங்காந்தள், போட்டிருக்கீங்களா?"

"ரெண்டு ஏக்கருங்க."

"அப்ப அந்த விதைதான். எத்தனை மணிக்கு உள்ள போச்சு? எம்புட்டு?"

"இவனைக் கேளுங்க."

"யாரு குடுத்தான்னு போலீஸ் கேக்கட்டும். எனக்கு நேரம் வேணும்." டாக்டரின் குரல் உயரவில்லை. "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத குழாய்ங்க இருக்கு. உங்க கொடிக்குப் பந்தக்கால் மாதிரி, செல்லைத் தாங்குறது அதுதான். சரக்கு போற ரோடும் அதுதான். ஒரு செல் ரெண்டாப் பிரியறப்போ இழுத்துப் பிரிக்கிறதும் அதுதான். உடம்பு அதைக் கட்டிக்கிட்டும் பிரிச்சுக்கிட்டும் இருக்கும். இந்த விஷம் மறுபடி கட்டவே விடாது. குடல், ரத்தம்னு புதுசு புதுசா செல் பிறக்கிற இடமெல்லாம் முதல்ல விழும். முறிக்க மருந்து இல்ல. வயித்துல மிச்சம் இருந்தா மட்டும் நான் ஏதாச்சும் செய்யலாம்."

பரணி கைகளை ஊன்றி எழுந்தான். கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது.

"நான்தான் குடுத்தேன்னு எழுதிக்கங்க டாக்டரம்மா. அக்காளைப் பாருங்க."

"எத்தனை மணிக்கு?"

பரணி வாயைத் திறந்தான். பொன்ராஜைப் பார்த்தான்; பிறகு தரையை.

பொன்ராஜின் முஷ்டி தானாக அவிழ்ந்தது.

"ராத்திரி எட்டு மணிங்க. நான்தான்." வார்த்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. "முழங்கால் வலின்னு மூணு நாளா அழுதா. கம்பெனிக்காரங்க மூட்டுவலி மாத்திரைக்குத்தானே இந்த விதையை வாங்கிட்டுப் போறாங்க. அரைச்சுத் தேன்ல கொழைச்சுக் குடுத்தேன்."

டாக்டரின் கண்கள் சுவர்க் கடிகாரத்துக்குப் போயின. ஒன்பது இருபது. பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். உள்ளே போகத் திரும்பினார்.

"இன்னும் ஒண்ணுங்க." பொன்ராஜ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாந்தி எடுத்தாள்ல. மருந்து வெளிய வந்துருச்சேன்னு, வண்டி வர்றதுக்குள்ள, இன்னைக்குக் காலைல எட்டு மணிக்கு மறுபடியும் குடுத்தேன். ரெண்டு மடங்கா."