இழுத்துவிட்ட ஸ்பிரிங்

மூன்றாவது முறையும் விளக்கு எரியவில்லை. எதிராளியின் மார்பில் வாலுவின் வாள் வில்லாய் வளைந்ததை அரங்கமே பார்த்தது. மெஷின் மட்டும் பார்க்கவில்லை.

“கண்ணு அவிஞ்சு போச்சா அந்த மெஷினுக்கு?”

கத்தியது வாலுவின் அக்கா. நடுவர் திரும்பி முறைத்தார். அக்கா பதிலுக்கு முறைத்தாள். அவளிடம் முறைத்து ஜெயித்தவர்கள் குறைவு.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. இங்கே வாள்வீச்சு ஆட வரும் பிள்ளைகள் பை நிறைய வாள் கொண்டுவருவார்கள். ஒன்று மக்கர் பண்ணினால் அடுத்ததை உருவுவார்கள். வாலுவிடம் இருப்பதே இரண்டு. இரண்டும் யாரோ கழித்துப்போட்டவை. அவற்றுக்கு உயிர் கொடுத்து ஓட்டுகிறவள் அக்கா. செல்போன் ரிப்பேர் கடையில் பகலெல்லாம் குனிந்து வேலை செய்து பழகிய கை அவளுக்கு. இந்த வாளின் நுனியில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாய் ஒரு முனை இருக்கும், அதன் கீழே ஒரு ஸ்பிரிங். எதிராளிமேல் பட்டதும் முனை உள்ளே அழுந்த வேண்டும், அழுந்தினால்தான் விளக்கு. அதைப் பிடித்துவைத்திருப்பவை, தும்மினால் பறந்துவிடுகிற இரண்டு ஸ்க்ரூக்கள். அக்கா வாராவாரம் அதைக் கழற்றுவாள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் உள்ளே சேர்ந்த கறுப்பைத் துடைப்பாள். வாளின் முன்பாகத்தில் பிய்ந்துபோன டேப்பை உரித்துப் புதிதாய்ச் சுற்றுவாள். அவள் தொட்ட வாளில் குறை இருக்க முடியாது. அப்படித்தான் அவள் தீர்மானித்து வைத்திருந்தாள்.

ஆட்டம் முடிந்தது. வாலு தோற்றாள்.

கோச் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். “கையில வலு இல்லம்மா இவளுக்கு. போய்த் தொடுறா, ஆனா பதிய மாட்டேங்குது. ஒரு மாசமா ப்ராக்டிஸ்லயும் இதே கதைதான். கடைசி ஆட்டமும் இப்படியே போச்சுன்னா டீம்ல வேற பொண்ணைத்தான் போடணும்.”

“வலு இல்லையா? வீட்டுக்கு வந்து பாருங்க, குழம்புச் சட்டியை அவ எப்படித் தூக்கறான்னு.”

“அக்கா, விடு.” வாலு கையுறையைக் கழற்றினாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஒரு மாதமாக ராத்திரி அக்காதான் அதில் தைலம் தேய்த்துவிடுகிறாள். “இன்னும் ஓங்கிக் குத்தறேன். பதியும்.”

வீட்டையே தலைகீழாக்கி வாலு என்று பேர் வாங்கியவள், இப்படிக் குரல் இறங்கிப் பேசுவது அக்காவுக்குத் தாங்கவில்லை.

அப்போது, ஜெயித்துவிட்டுப் போன உயரமான பெண் தோளைத் தேய்த்தபடி திரும்பி வந்தாள். “ஏய், என்ன அடி அடிக்கிறே! ஊமைக்காயமா வலிக்குது. எனக்கு நல்லாவே பட்டுச்சு. லைட்டுக்குத்தான் படல.”

அவள் போய்விட்டாள். அக்கா வாளை எடுத்து முனையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அசையவில்லை. நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். அப்புறம்தான் உள்ளே போனது.

இன்னொரு வாளையும் எடுத்து அழுத்தினாள், அதுவும் அப்படியே.

போன மாதப் போட்டியில் நடந்தது வேறு. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் அரைக்கிலோ எடையை முனைமேல் வைத்து அழுத்தி விடுவார்; ஸ்பிரிங் அதைத் தூக்கி நிறுத்தி, விளக்கு அணைய வேண்டும். வாலுவின் இரண்டு வாளும் தூக்கவில்லை. இரண்டையும் ஒதுக்கிவிட்டார்கள். எல்லார் முன்னாலும் வெறுங்கையோடு நின்ற வாலு, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். இனி என் தங்கச்சி அப்படி நிற்கக் கூடாது என்று அக்கா ஸ்பிரிங்கை இடுக்கியால் இழுத்துவிட்டாள்; இழுத்தால் ஸ்பிரிங் விறைத்து நிற்கும். அடுத்த வாரம் பயத்துக்கு இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வாரமும். எடை துள்ளிக்கொண்டு எழும்பும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாய் இருந்தது. ஸ்பிரிங் எழும்பினால் மட்டும் போதாது, விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்பதை மறந்தே போனாள்.

இப்போது ஸ்பிரிங்கைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். வாலு நன்றாக ஆடுவாள், கோச்சும் கை தேறிவிட்டது என்பார். ஆனால் இந்தப் பிள்ளை தன் கையில் குறை என்றே நம்பிக்கொண்டிருக்குமே.

“சார், இங்க வாங்க. இதை அமுக்குங்க.”

கோச் அமுக்கினார். புருவம் ஏறியது. “இது யார் பண்ணின வேலை?”

“நான்தான். எடை தூக்கணுமேன்னு இழுத்து இழுத்து விட்டுட்டேன். அவ தொட்டதெல்லாம் சரியாத்தான் தொட்டா.”

கோச் மறுபடி அமுக்கிப் பார்த்தார். வாலு கேட்டாள்: “அப்ப என் கைக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்லடி. நல்ல கை.”

வாலு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். “ஒரு மாசமா தண்டால் எடுத்தேன்டி, பாவி!”

“அக்காவை டி போடறியா?”

“இன்னிக்குப் போடுவேன்.” சொல்லிவிட்டு அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. தோள் நனைந்தது.

நேரம் ஒரு வாளைப் பிரிக்கத்தான் இருந்தது. ஸ்க்ரூ உருண்டால் சிக்கட்டும் என்று வாலு தன் வெள்ளைச் சட்டையைத் தரையில் விரித்தாள். அக்கா டப்பாவிலிருந்து இழுக்காத ஸ்பிரிங் ஒன்றை எடுத்துப் பொருத்தினாள். ஸ்க்ரூ ஏறவில்லை, ஸ்பிரிங் முனையை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. வாலு முனையை மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏறியது.

“எடையைத் தூக்குமா?”

“தூக்கும்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது. வேணும்னா கொஞ்சம் இழுத்து...”

“வேணாம். இப்படியே குடு.”

கடைசி ஆட்டம். நடுவர் எடையை வைத்து அழுத்தினார். விளக்கு எரிந்தது. கையை எடுத்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்ததாக அக்காவுக்குப் பட்டது. எடை லேசாக ஆடி, மேலே வந்தது. விளக்கு அணைந்தது.

வாலு பாய்ந்தாள். பழக்க தோஷத்தில் ஓங்கிய குத்து, எதிராளி பின்வாங்கியதில் எட்டாமல் போனது. வாளின் நுனி மட்டும் போய் இடுப்போரம் பட்டது. அவ்வளவுதான். மெஷின் கூவியது. வாலுவுக்கு அது தன்னுடையது என்று தோன்றவே இல்லை. மறுபடி குத்த வாளைத் தூக்கிவிட்டாள்.

“நில்லும்மா,” என்றார் நடுவர். “பாயிண்ட் உனக்குத்தான்.”

வாலு விளக்கைப் பார்த்தாள். எதிராளி திரும்பும் முன்பே, அடுத்த பாயிண்ட்டுக்கு ஓடிப்போய்த் தன் கோட்டில் நின்றுகொண்டாள்.