பதினோராம் நாள் குறிப்பு

என்னைப் பயிற்றுவித்தவர் எப்படியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. சிவப்பு மையில் சற்று இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, அடியில் 'நேசமலர்' என்ற கையொப்பம். அவ்வளவுதான். 1998இல், போர்க்காலத்தில், துணுக்காய்ப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில், தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலில், நான் தனியாக ஒரு முன்பள்ளி நடத்தினேன். ஆசிரியப் பயிற்சி தபாலில் வந்தது. தபால் என்றால் அப்புத்துரை அண்ணையின் சைக்கிள். மல்லாவியிலிருந்து பாடப் பொதியைக் கொண்டுவருவார். நான் எழுதியதைக் கொண்டுபோவார். திருத்தம் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாகும்; ஐந்து கிழமை, சிலவேளை ஏழு.

"பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற உனக்கே வீட்டுவேலை தருகினமோ, இரஞ்சிதம்? செய்யாட்டி முழங்காலிலை விடுவினமோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் சிரிப்பேன். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பேன்.

நான்காம் பொதியில் வந்த வேலை இது: ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்து, முப்பது நாள் பார்த்து, நேரத்தோடு எழுத வேண்டும். பதினைந்து நாள் முடிந்ததும் அனுப்பி, திருத்தம் வந்த பின் மிகுதி. 'பிள்ளைக்கு இடையூறு செய்யாமல் அவதானிக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு அடிக்கோடிட்டேன். கேட்டுத் தெளிய அங்கே யாரும் இல்லை.

யதுர்ஷிகாவைத் தெரிந்தெடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். ஐந்து வயது ஆகப்போகிறது. கொட்டிலில் ஒரு சொல்லும் பேசமாட்டாள்.

"டீச்சர், தை மாசம் இவளைப் பள்ளிக்கூடத்திலை சேர்க்கோணும்," என்றார் அவளுடைய தாய் விமலேஸ்வரி. "வாய் திறக்காட்டி மொக்கு எண்டு கடைசி வாங்கிலை விட்டிடுவினம். நீங்கள்தான் எப்பிடியும் கதைக்க வைக்கோணும்."

"ஓம் அக்கா. படிக்கிறன்தானே. எழுதிக் கேக்கிறன்."

மற்றப் பிள்ளைகளோடு பாடினேன், சண்டை தீர்த்தேன். அவள் பக்கம் மட்டும் போகவில்லை. கதிரையை மூலைக்கு இழுத்துவிட்டு அதில் இருந்தபடி பார்த்தேன். அவளுடைய கஞ்சியைக்கூட வேறு பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினேன். அவள் பாயின் ஓரத்தில் இருந்துகொண்டு புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குவாள். பிறகு கலைப்பாள்.

பதினோராம் நாள் எழுதினேன்: 'காலை 9.40. பிள்ளை எழும்பி வந்து ஆசிரியர் இருந்த கதிரையின் விளிம்பில் ஒரு புளியங்கொட்டையை வைத்தது. சிறிது நேரம் நின்றது. திரும்பிப் போனது.'

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின், அந்தக் கொட்டையை மற்றக் கொட்டைகள் கிடந்த டின்னில் போட்டேன்.

பதினைந்தாம் நாள் குறிப்பின் கீழே ஒரு கேள்வியும் எழுதி அனுப்பினேன். 'இந்தப் பிள்ளையை எப்படிக் கதைக்க வைப்பது?'

காத்திருந்த நாட்களிலும் நான் அவளோடு பேசவில்லை. இடையில் பேசினால் மிகுதிப் பதினைந்து நாளும் பிழைத்துவிடும் என்று நினைத்தேன். ஆறாம் கிழமை, உடையார்கட்டில் இருந்த உறவினர்களிடம் போவதென்று அவள் வீட்டார் சாமான்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். தாய் இறங்கி வந்து போய்வருவதாகச் சொல்லிக்கொண்டார். பெட்டிக்குள் பாய்ச்சுருள்களுக்கு நடுவே இருந்து யதுர்ஷிகா என்னைப் பார்த்தாள். நான் பழக்கத்தில் மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு இருபது.

பத்து நாளுக்குப் பிறகு பொதி வந்தது. என் எழுத்தில் பெரிய பிழை ஒன்றுமில்லை. கடைசிக் கேள்விக்குப் பதிலும் இல்லை. 'பதினோராம் நாளைப் பாருங்கள்' என்று மட்டும் இருந்தது. திருப்பினேன். 9.40க்கு அருகே, ஓரத்தில், சிவப்பு மையில்:

'அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?'

அப்புத்துரை அண்ணை தண்ணீர் குடித்து முடித்துச் செம்பைக் கவிழ்த்தார். "என்ன, ஃபெயிலோ?"

"தெரியேல்லை அண்ணை."

அந்த வரியின் கீழே எழுதினேன். 'ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இப்போது இங்கே இல்லை.' மடித்துக் கொடுத்தேன்.

"உடனையே பதிலோ? எண்டாலும் அடுத்த மாசந்தான் மறுமொழி வரும்," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை உருட்டினார்.

பிள்ளை இடம்பெயர்ந்தால் வேறு பிள்ளையைத் தெரிந்தெடுக்கலாம் என்று பொதியிலேயே இருந்தது. டின்னைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கொட்டைகளும் ஒன்றுபோல இருந்தன.

மறுநாள் கதிரையை வெளியே வைத்தேன். பிள்ளைகள் வந்து இருந்ததும் டின்னை எடுத்துக்கொண்டு நானும் பாயின் ஓரத்தில் இருக்கப் போனேன்.

"அதிலை இருக்காதேங்கோ டீச்சர்," என்றான் மதுசன். "அது யதுர்ஷிகான்ரை இடம்."

நான் தள்ளி இருந்தேன்.