பிரபுவின் கை நடுங்கிய வரி

வரலாறு பாடப்புத்தகத்தில் இல்லை. மூல ஆவணத்தின் ஒவ்வொரு மைத்துளியிலும் அது உயிரோடு துடிக்கிறது. வகுப்புக்கு வகுப்பு இப்படி முழங்கிய வரலாற்று ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் மூலப்பத்திரம். அந்தக் காலத்துக் கையெழுத்தில் ஒரு மைத்துளியும் அவருக்குப் படிக்க வராது என்பது வேறு விஷயம். இணையத்தில் பழைய பிரிட்டிஷ் கடிதங்களின் படமும், பக்கத்திலேயே தட்டச்சுப் பிரதியும் கிடைக்கும். படத்தைத் திரையில் போடுவார்; பிரதியை அச்செடுத்து மேசை மறைவில் வைத்துக்கொண்டு கணீரென்று வாசிப்பார்.

அன்று கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை. காலியாகக் கிடந்த துறைத்தலைவர் நாற்காலி மூலப்பத்திரத்துக்குத்தானா என்பதை அந்த அம்மாவின் மடியிலிருந்த மதிப்பீட்டுத் தாள் சொல்லிவிடும்.

போருக்குக் கிளம்பும் ஒரு பிரபு மனைவிக்கு எழுதிய கடிதம். "என் கண்ணே, விடிந்தால் போர்," என்று வாசிக்கும்போதே ஆசிரியரின் குரல் தழுதழுத்தது. திரையில் ஒரு கோணல் வரியைக் குச்சியால் தொட்டார்.

"இங்க பாருங்க. பிரபுவோட கை நடுங்கியிருக்கு. இதை எந்தப் புத்தகம் காட்டும்?"

தலைமையாசிரியை பரவசமாகத் தலையாட்டி, எதையோ எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"மாமா," என்றாள் முன்வரிசையில் இருந்த அவருடைய அக்கா மகள். வகுப்பு சிரித்தது. "இல்ல, சார். அந்த இடத்துல 'காலுறை ஆறு ஜோடி, ரெண்டு கிழிசல்'னு இருக்கு."

"உனக்கு அந்தக் கையெழுத்து படிக்க வருமா?"

"மூலத்தைப் படி, மூலத்தைப் படின்னு நீங்கதானே சார் உயிரை வாங்கினீங்க. அதே தளத்துல பயிற்சி இருக்கு, லீவுல உட்கார்ந்து கத்துக்கிட்டேன். இது சலவைக்குப் போட்ட துணி லிஸ்ட். நீங்க வாசிச்ச கடிதம் அடுத்த பக்கம்."

மூலப்பத்திரம் குச்சியை மெல்லக் கீழே இறக்கினார். "போருக்குப் போறவருக்குக் காலுறை வேண்டாமா?"

"அதுக்கு ஏன் சார் தொண்டை அடைக்குது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் தலைமையாசிரியையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் தாளைப் பார்த்தார். 'மூல ஆவணத்தை நேரடியாக வாசிக்கும் திறன்' என்ற இடத்தில் பத்துக்குப் பத்து. கீழே, 'நானும் திரையில் வரிக்கு வரி பின்தொடர்ந்தேன்' என்று அவர் கைப்பட ஒரு குறிப்பு. அடித்துத் திருத்தினால் உடையப் போவது அவர் மூக்கும்தான்.

"பிள்ளைங்களைக் கேள்வி கேட்க வைக்கிறீங்க பாருங்க, அதுதான் சார் கற்பித்தல்," என்று தாளை மடித்துக்கொண்டு எழுந்தார்.

திங்கட்கிழமை மூலப்பத்திரம் துறைத்தலைவர் ஆனார். அந்தச் சலவைப் பட்டியலை அவர் நான்கு ஆண்டுகளாகக் காதல் கடிதம் என்று நடத்தி வந்திருந்தார்.