ஊதிக் காட்டுங்க

கனகராஜ் ஒரு சிகரெட்டை உருவி, சவப்பெட்டிக்குள் குனிந்து, அண்ணனின் விரல்களுக்கு நடுவே செருகப் பார்த்தான். விறைத்த விரல்கள் இடம் கொடுக்கவில்லை.

“எடு அத!”

கலாதேவி காலையிலிருந்து வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணே ஆசையா குடிச்சது லா, அண்ணி. கையோட போகட்டுமே.”

“அவரு விட்டுட்டாரு. தீபாவளியோட விட்டுட்டாரு.”

அவளே நம்பாததை ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டாள். செத்துக் கிடக்கும்போதாவது புருஷனின் மானம் நிற்கட்டும் என்றுதான். கனகராஜ் சிகரெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவள் புருஷன் பத்துமலை, மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் போய் வீடுகள் வந்த பிறகு ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங் தொழிற்சாலையில் சேர்ந்தான். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, சிகரெட்டை விடாவிட்டால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டான். ஆனால் சாயங்காலமானால் கூட்டாளி தர்மேந்திரனோடு கஞ்சா இழுக்கப் போவான். கஞ்சாவோடு சிகரெட் தூளையும் உதிர்த்துக் கலந்துதான் சுருட்டுவார்கள். “அது சிகரெட்டு கணக்குல வராது கலா” என்பான். ஒரு வாரம் தாண்டாது, சட்டைப் பையில் முழுப் பாக்கெட் உட்கார்ந்திருக்கும். மறுபடி விடுவான், மறுபடி அதே கதை.

அதற்குப் பிறகுதான் கலாதேவி வாசலில் போலீஸ் வேலை பார்க்க ஆரம்பித்தாள். “ஊதிக் காட்டுங்க” என்று மூக்கை அவன் வாயருகே கொண்டுபோவாள். தீபாவளிக்குப் பிறகு ஏலக்காய் வாசம் மட்டுமே வந்தது. அவளுடைய ஏலக்காய் டப்பாவும் காலியாகிக்கொண்டே வந்தது. நாற்றத்தை மறைக்கத்தான் மெல்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இல்லாவிட்டால் தினமும் அரை மணி நேரம் ஏன் தாமதமாக வர வேண்டும்? கழுதை கெட்டால் குட்டிச்சுவர்.

நேற்றுக் காலை காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “இப்பவே ஊதிட்டுப் போகவா?” என்று சிரித்தான்.

“போய் ஒங்க கூட்டாளிகிட்ட ஊதுங்க” என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தியானம் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது.

இப்போது கேட் ஓரம் தர்மேந்திரன் வந்து நின்றான். உள்ளே வரத் துணியவில்லை. கலாதேவி எழுந்து அவனிடம் போனாள்.

“இன்னும் என்ன பாக்கி? அதையும் சுருட்டிக் கொண்டாந்திருக்கியா, பெட்டில வைக்க?”

“அண்ணி, தீபாவளிக்கப்புறம் அண்ணே எங்கிட்ட வரவே இல்ல.”

“பொய் சொல்லாத. தெனம் லேட்டாத்தானே வந்தாரு?”

“பஸ் ஸ்டாப்புல ஒக்காந்திருப்பாரு, தனியா. நான் போய்க் கூப்டேன் அண்ணி, மறைக்கல. ‘வேணாண்டா, அத இழுத்தா சிகரெட்டு கேக்குது, ரெண்டையும் சேத்து விட்டாத்தான் ஆச்சு’ன்னாரு.” அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “வேல முடியுற நேரந்தான் ரொம்ப தேடுமாம். ‘இப்படியே வீட்டுக்குப் போனா கலா மேல எரிஞ்சு விழுவேன், அடங்கட்டும், அப்புறம் போறேன்’னாரு. ஏலக்காய மென்னுக்கிட்டே இருப்பாரு.”

அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. இவ்வளவு நல்ல செய்தியை இன்றைக்கா கொண்டுவருவது? ஒரு நாள், ஒரே ஒரு நாள் முன்னால் வந்து சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டை அகலத் திறந்தாள். பிறகு, “உள்ள வா” என்றாள்.

வாய்க்கரிசிக்கு அழைத்தார்கள். உறவுகள் வரிசையாகப் போட்டு முடித்து, கடைசியில் அவள் முறை வந்தது. அரிசியை அள்ளி அவன் உதட்டின் மேல் வைத்தாள். நிமிரவில்லை. இன்னும் குனிந்து, தினமும் வாசலில் செய்வதுபோல் மூக்கை அவன் வாயருகே கொண்டுபோனாள். பின்னால் நின்ற பெண்கள் குரலெடுத்து அழுதார்கள்.

“போதும் அண்ணி” என்று கனகராஜ் தோளைத் தொட்டான். “பெட்டிய மூடணும் லா.”

“கொஞ்சம் இரு” என்றாள், முகத்தை எடுக்காமல்.