ஞானஸ்நானத்துக்கு ஒரு சாட்சி

மூன்று வாரத்தில் நாற்பத்தொரு பேர்! பதினொரு வருடமாக அந்தச் சபைக்கு வெளியாள் ஒருவர்கூட ஞானஸ்நானம் கேட்டு வந்ததில்லை. இப்போது போதகர் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லை. பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதென்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இறங்கியது நகரசபைத் தீர்மானம்.

வருடக் கடைசியில் நகரசபையின் கூரை போட்ட சந்தையில் இருக்கும் கடைகளையெல்லாம் மறுபடி ஒதுக்கப்போகிறார்கள். ஞானஸ்நானச் சான்று கொண்டுவந்தால் கடை உண்டு; இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இதைக் கொண்டுவந்த கட்சிக்கு வாய்கொள்ளாத நீளத்தில் ஒரு பெயர். சந்தையில் எல்லாரும் சிலுவைக் கட்சி என்றே சொல்வார்கள். "இது தேவனுடைய நகரம்" என்று சுவரெல்லாம் எழுதிவைத்தார்கள், ஜெயித்தார்கள், ஜெயித்த கையோடு முதல் வேலையாக இதைச் செய்தார்கள். சபையார் பாதிப் பேருக்கு உள்ளூர சந்தோஷம், மீதிப் பேருக்குச் சங்கடம். இரண்டு கூட்டமும் வாயைத் திறக்கவில்லை.

முட்டைக்காரம்மா அந்தச் சபைக்காரிதான். இருபது வருடமாகச் சந்தையில் முட்டை விற்கிறாள். ஒவ்வொரு முட்டையையும் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் அட்டையில் வைப்பாள். பக்கத்துக் கடை சாவிக்காரருடையது. அவர் வேறு மதம். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் சாவியை ராவினால் பித்தளைத் தூள் பறந்துவந்து இவள் முட்டைமேல் விழும்.

"அண்ணே, முட்டைக்கு முலாம் பூசுறதுக்குக் கூலி எவ்வளவுன்னு சொல்லிடுங்க" என்பாள்.

"தங்கச்சிக்கு இலவசம்" என்பார் அவர்.

இந்தச் சண்டைக்கும் இருபது வயது. அவள் புருஷன் லாரியிலிருந்து விழுந்து முதுகு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு மாதம் அவள் கடையையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்தான். முட்டை பார்க்கத் தெரியாமல் ஒரே நாளில் நாற்பது கூமுட்டையை விற்று, தெரு முழுக்கத் திட்டு வாங்கியவரும் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு, தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார்.

"தங்கச்சி, நானும் உங்க சர்ச்சுல சேர்ந்துடலாம்னு இருக்கேன்."

அவள் கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்தாள். "ஏன்ணே திடீர்னு?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா? கழுத்துக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? கூட ஒரு சாட்சி நிக்கணுமாமே. உன்னைவிட்டா எனக்கு யாரைத் தெரியும்?"

"அண்ணி என்ன சொல்றாங்க?"

"அவ பேசி ஒரு வாரமாச்சு. சாப்பாட்டைப் போட்டு வச்சிட்டு உள்ள போயிடுறா."

சாட்சி என்று அவர் சொன்னது அந்தச் சபையின் பழைய வழக்கம். என்றைக்கோ ஒரு பஞ்சத்தில், சாப்பாட்டுக்காகச் சேர்ந்து பஞ்சம் தீர்ந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போனவர்களைப் பார்த்துவிட்டு வைத்த விதி. வயது வந்தவர் ஞானஸ்நானம் வாங்க வந்தால், அவரை அறிந்த சபையார் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். போதகர் முதலில் சாட்சியைத்தான் கேட்பார்: "இவர் பயத்தினால் வரவில்லை, ஆதாயத்துக்காக வரவில்லை என்று தேவனுக்கு முன்பாகச் சொல்கிறாயா?" சாட்சி ஆம் என்றால்தான் தண்ணீர்.

"சரிண்ணே, நிக்கிறேன்" என்றாள் முட்டைக்காரம்மா. பொய்தான், அவளுக்குத் தெரியாதா? ஆனால் ஒரு வார்த்தைப் பொய்யில் ஒரு குடும்பம் பிழைக்குமென்றால் ஆண்டவர் கணக்கில் எழுதமாட்டார் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் நன்றாகத்தான் தேறியிருந்தாள்.

சாயங்காலம் அவள் தம்பி வந்தான். தாயில்லாப் பிள்ளையென்று இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்த தம்பி; இப்போது சிலுவைக் கட்சியின் நகரசபை உறுப்பினர். முகமெல்லாம் பல்.

"அக்கா! கேள்விப்பட்டேன். நாப்பத்தொரு பேர்ல சாட்சி கிடைச்ச முதல் ஆள் உன் ஆள்தான். ஞாயித்துக்கிழமை போட்டோக்காரனைக் கூட்டிட்டு வர்றேன். இதைப் பார்த்து அடுத்த ஊர் நகரசபையும் தீர்மானம் போடும், பாரேன்."

"போட்டோ எதுக்குடா? அந்த மனுஷனே கூனிக் குறுகிப்போய்க் கிடக்கிறாரு."

"ஆத்துமா ரட்சிக்கப்படுதுக்கா! சந்தோஷப்பட வேண்டாமா?"

"கடையைப் பிடுங்குவேன்னு சொல்லிட்டு, அப்புறம் தண்ணி தெளிக்கிறியே. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுற வேலை இது."

"நம்ம ஜனங்களுக்குத்தானே செய்யுறேன்? உனக்கும் சேர்த்துத்தான்."

"நான் கேட்டேனா? நம்ம ஆண்டவர் வாசல்ல நின்னு தட்டுறவருடா. நீங்க கடப்பாரையைத் தூக்கிட்டு நிக்கிறீங்க."

அவன் சிரித்துவிட்டு, அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, இரண்டு அட்டை முட்டையும் வாங்கிக்கொண்டு போனான். அவன்மேல் அவளால் முழுசாகக் கோபப்பட முடிந்ததில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய சங்கடம்.

அடுத்த நாள் போதகரிடம் போனாள். அவர் யாரையும் புண்படுத்தாத மனுஷர். எலுமிச்சம்பழத்தைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நறுக்குவார். மேசைமேல் நாற்பத்தொரு விண்ணப்பங்களையும் அடுக்கிவைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இது சரியா?"

"நான் என்னம்மா செய்யட்டும்? முடியாதுன்னா நாப்பத்தொரு குடும்பம் தெருவுல நிக்கும். கொடுத்தா..." அவர் முடிக்கவில்லை. "சாட்சி ஆமான்னா நான் தண்ணி ஊத்துவேன். அதுக்கு மேல என் கையில எதுவும் இல்லை."

ஆக, பாரம் முழுக்க அவள் தலையில்! போதகருக்கும் வழக்கம் கைகொடுத்தது, பாருங்கள். அவள் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயில் நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் தம்பி, கட்சிக்காரர்கள் நாலு பேர், போட்டோக்காரர். சாவிக்காரர் புதிதாக வாங்கிய வெள்ளைச் சட்டையில், மடிப்புக்கூடக் கலையாமல், ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றார். சாவியை ராவி ராவிக் கறுத்த விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் அவர் மனைவி. அவள் அழவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, பிரேதம் எடுக்கிற வீட்டில் உட்கார்ந்திருப்பவளைப்போல உட்கார்ந்திருந்தாள்.

போதகர் கேட்டார். "இவர் பயத்தினால் வரவில்லை, ஆதாயத்துக்காக வரவில்லை என்று தேவனுக்கு முன்பாகச் சொல்கிறாயா?"

முட்டைக்காரம்மா வாயைத் திறந்தாள். "ஆம்" என்பது நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. போட்டோக்காரர் முட்டிபோட்டுக் கேமராவைத் தூக்கினார். தம்பி, சாவிக்காரரின் தோளைப் பிடித்து, முகம் நன்றாக விழட்டும் என்று கொஞ்சம் திருப்பிவிட்டான். கடையில் ஒரு பொருளைத் திருப்பி வைக்கிற மாதிரிதான் திருப்பினான். சாவிக்காரரும் திரும்பி நின்றார். இருபது வருடத்தில் அவர் அப்படிச் சொன்னபடி திரும்பி அவள் பார்த்ததில்லை.

இன்றைக்கு இவர்; அடுத்த வாரத்திலிருந்து மற்ற நாற்பது பேரும் இதே இடத்தில் இப்படித் திரும்பி நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்சி, ஒரு பொய்.

"இல்லை ஐயா" என்றாள்.

போதகருக்குக் காது கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. "என்னம்மா?"

"இவர் பயந்துதான் வந்திருக்காரு. கடை போயிடும்னு வந்திருக்காரு. பயமுறுத்தினது வேற யாரும் இல்லை, நாமதான். பிடுங்குற கையாலேயே தண்ணி ஊத்தாதீங்க ஐயா. ஆண்டவருக்கு அவமானம்."

போதகர் கையில் தண்ணீர்ச் செம்பு. ஊற்றலாமா வேண்டாமா என்று அவர் யோசித்த அந்த அரை நிமிடம் அவர் வாழ்நாளிலேயே நீளமான அரை நிமிடமாக இருந்திருக்கும். பிறகு செம்பைக் கீழே வைத்தார்.

"சாட்சி இல்லாமல் என்னால் முடியாது" என்றார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதமாக, "மற்ற நாற்பது பேருக்கும் முடியாது. சந்தைக்காக இந்தச் சபை இனி ஒரு சான்றும் கொடுக்காது" என்றார். குரல் நடுங்கியதுதான். ஆனாலும் சொல்லிவிட்டார், மகராசன்.

அதற்குப் பிறகு அங்கே எழுந்த கூச்சலை எழுதி முடியாது. சந்தையில் மீன்கடை வைத்திருக்கும் சபைக்காரர் ஒருவர் பாடகர் குழுவிலிருந்து எழுந்து, "உன்னை நம்பி வந்தவன் குடியைக் கெடுத்துட்டியே, நீ பொம்பளையா?" என்று கத்தினார். தம்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தான். சின்ன வயதில் அவள் அடித்தால் பார்க்கிற அதே பார்வை. சாவிக்காரர் யாரையும் பார்க்கவில்லை. மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். "அண்ணே" என்று இவள் பின்னால் ஓடினாள். அவர் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி, நாளைக்குச் சான்றை நீட்டி உன் கடையை வாங்கிக்கப்போறியா?"

"அதெப்படிங்க? அவருக்குக் கிடைக்காம பண்ணிட்டு, நான் போய் வாங்கினா என் மூஞ்சியில காறித் துப்ப மாட்டாங்களா?"

"அப்ப கடை போகுது."

"போகுது."

அவர் கூரையைப் பார்த்தார். "உனக்கு எது படுதோ செய். ஆனா மிச்சம் இருக்கிற முட்டையைத் தினமும் எனக்கே போடாதே, தாயே." அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

திங்கட்கிழமை நகரசபை அலுவலகம். நீளமான பெஞ்சு, கம்பி வைத்த ஜன்னல், உள்ளே ஒரு குமாஸ்தா. சாவிக்காரர் தன் விண்ணப்பத்தைச் சான்றில்லாமல் கொடுத்துவிட்டு, அது தள்ளப்பட்டதற்கான ரசீதுக்காக பெஞ்சில் காத்திருந்தார். தம்பி உள்ளே மேற்பார்வைக்கு நின்றிருந்தான்.

"சான்று?" என்றார் குமாஸ்தா.

"இல்லை" என்றாள் முட்டைக்காரம்மா.

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானேம்மா?"

"போறேன். அதனாலதான் இல்லை."

தம்பி கம்பியருகே ஓடிவந்தான். "அக்கா, பிடிவாதம் பிடிக்காதே. மாமாவுக்கு மருந்து வாங்கணும். நானே எழுதிக்கிறேன், நீ பேசாம இரு."

"எழுதினா கிழிப்பேன். உன்னைத் தூக்கி வளர்த்த கைதான் இது, தெரியுமில்ல?"

அவன் பேனாவை மூடினான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. அவளுக்கும்தான். இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். குமாஸ்தா அவள் விண்ணப்பத்தைத் தள்ளப்பட்டவை இருந்த தட்டில் போட்டார்.

அவள் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். சாவிக்காரர் கோபமாகத்தான் பேசினார்.

"உனக்கு மூளை இருக்கா? என் கடைதான் போச்சு, தொலையட்டும். உன் கடையாவது மிஞ்சியிருந்தா ஒரு ஓரமா மெஷினைப் போட்டுக்கிட்டு நானும் பிழைச்சிருப்பேன்ல? அதையும் கெடுத்துட்டு வந்து உட்கார்ந்திருக்க!"

"அதையும் யோசிச்சேன்ணே. ராத்திரி பூரா யோசிச்சேன்."

"யோசிச்சு?"

"அப்ப நீங்க என் தயவுல உட்கார்ந்திருப்பீங்க. நான் நல்லவளா இருக்கிறவரைக்கும் உங்களுக்கு இடம். அவங்க கேட்கிறதும் அதைத்தானே? நாம பெரிய மனசு பண்ணி இடம் கொடுக்கணும், மத்தவங்க கைகட்டி நிக்கணும். இருபது வருஷமா என்கிட்ட சரிக்குச் சரியா சண்டை போட்டவரை அப்படிப் பார்க்க என்னால முடியாதுண்ணே."

சாவிக்காரர் தன் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் மீன்கடைக்காரர் முறை வந்திருந்தது. நேற்றுக் கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது அவருக்கு.

"சான்று?"

"வீட்டுல பெட்டியில இருக்கு" என்றார் மீன்கடைக்காரர். "அங்கேயே இருக்கட்டும். இந்தம்மாவைத் தெருவுல விட்டுட்டு நான் உள்ள உட்கார்ந்து மீன் வெட்டினா கை கூசும். சீக்கிரம் எழுதுங்க, ஐஸ் உருகுது."

முட்டைக்காரம்மா தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் அழுதுவிடுவாள்.

"நேத்து நீ இல்லைன்னு சொன்னப்ப உன் கழுத்தை நெரிக்கலாம்னு இருந்துச்சு" என்றார் சாவிக்காரர்.

"இப்ப?"

"இப்பவும்தான்."

பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆனா நேத்துச் சாயங்காலம் உன் அண்ணி எனக்குச் சாப்பாட்டைப் போட்டு வச்சிட்டு உள்ள போகலை. அவளுக்கும் ஒரு தட்டை எடுத்துக்கிட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா."